ஈருரியும் பதனிட்ட தோலும்

கொடிமாடச் செங்குன்றூர் என்று திருஞானசம்பந்த சுவாமிகள் பாடியருளிய திருச்செங்கோட்டு மலைமீது எழுந்தருளியிருக்கும் அர்த்தநாரீசுவரப் பெருமானைத் தரிசிக்கச் செல்லும் அன்பர்கள், வலப்பாகம் வேட்டியும் இடப்பாகம் சேலையுமாகச் சாத்தப்பெற்ற திருக்கோலத்தைக் கண்டு மகிழ்வர். சிற்பநூல் மரபோ, அம்மையப்பர் திருவுருவில் வலப்பாகத்திற்குப் புலித்தோலையும் இடப்பாகத்திற்குப் பட்டாடையையும் வகுத்துரைக்கும். பட்டு நெய்தாரைப்பற்றிப் பேசுவார் நம்மிற் பலர். அப்புலித்தோலை உரித்தல் எங்ஙனம், உரித்ததனை அழுகாமற் காத்தல் எங்ஙனம், அத்தொழிலை மக்கள் முதன்முதல் எப்பொழுது கைக்கொண்டனர், அதனைச் செய்தார்க்கு நம் சமயம் தந்த இடம் யாது என்று வினாவுவாரை யாம் மிகுதியாகக் கண்டிலேம். யானையுரி போர்த்தவன், புலியதள் உடுத்தவன், மானுரி தாங்கியவன் என்று நாள்தோறும் ஓதும் நாம், அவ்வினாக்களைப் புறத்தே தள்ளுதல் முறையன்று. ஆதலின் ஈண்டு ஒருசிறிது ஆராய்வாம்.

விலங்கின் தோலை உரித்து உடுத்தல் நெசவினும் மிக முந்தியது. மொராக்கோ நாட்டுக் கடற்கரைக் குகையொன்றில், தோலுரித்தற்கும் அதன் உட்புறத்தை வழித்தற்கும் ஏற்றவாறு தீட்டப்பெற்ற எலும்புக் கருவிகள் கிடைத்தமையை ஆராய்ச்சியாளர் 2021ஆம் ஆண்டில் வெளியிட்டனர்; அவற்றின் பழமை 90,000 ஆண்டு முதல் 1,20,000 ஆண்டு வரை கணக்கிடப்பட்டது. 1991ஆம் ஆண்டில் ஆல்ப்ஸ் மலைப் பனிக்கட்டியினின்று வெளிப்பட்ட ஆடவன் ஒருவன் உடல் ஏறத்தாழ 5,300 ஆண்டுகட்கு முற்பட்டது. அவன் மேலாடை ஆட்டுத்தோல், தலையணி கரடித்தோல், அம்பறாத்தூணி மான்தோல். ஒவ்வொன்றற்கும் ஏற்ற தோலைத் தெரிந்தெடுத்திருக்கின்றான் என்பது காண்க. நம் நாட்டிலோ, 1863ஆம் ஆண்டில் இராபர்ட்டு புரூசு பூட்டு என்னும் நிலநூலறிஞர் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். அக்காலத்துக் கருவிகளுட் சுரண்டிகள் என ஒரு வகை உண்டு. விலங்கின் தோலிலொட்டிய ஊனையும் கொழுப்பையும் வழித்தெடுத்தற்கு அவை பயன்பட்டன என்பர். அதே பல்லாவரத்தில் இருபதாம் நூற்றாண்டில் தோல் பதனிடும் தொழிற்கூடங்கள் எழுந்தன. அதனையடுத்த ஊருக்குக் குரோம் தோல் கம்பெனியினால் குரோம்பேட்டை என்ற பெயரே உண்டாயிற்று. இது தற்செயலான ஒற்றுமையே. இதன்மேற் கோட்டை கட்டுதல் வேண்டா.

மொகஞ்சதாரோவில் அகப்பட்ட முத்திரையொன்றில், யோகத்திருக்கை போன்ற நிலையில் அமர்ந்த உருவைச் சூழ யானை, புலி, காண்டாமிருகம், எருமை என்பனவும், இருக்கையின்கீழ் மானினத்து விலங்குகளும் பொறிக்கப்பட்டுள்ளன. இதனைப் பசுபதியின் பழைய வடிவமென்று சர் சான் மார்சல் 1931ஆம் ஆண்டில் எழுதினார். பின்வந்தோர் பலர் அதனை ஏற்றிலர். அவ்வழக்கில் யாம் தலையிடுகிலேம். யானை, புலி, மான் என்னும் மூன்றும் அங்கு ஒருசேர நிற்றலை மட்டும் சைவர் நோக்கி வைத்துக்கொள்க. ஐயத்திற்கிடனற்ற சான்று வேண்டுவார்க்குச் சதருத்திரீயம் உளது. உருத்திரனைத் தோலுடுத்து, பினாகமென்னும் வில்லேந்தி எழுந்தருளுக என்று வேண்டும் பகுதி அதன்கண் வருகின்றது. கிருத்திவாசன் என்ற திருநாமத்திற்கும் பொருள் தோலாடையன் என்பதே.

இனித் தமிழ் வழக்கிற்கு வருவாம். ஒரு தொழில் ஒரு நாட்டில் வேரூன்றிய பழமையை அளத்தற்கு அந்நாட்டுச் சொற்களே தக்க கோல். தோல், உரி, உரிவை, அதள், பச்சை, வார் எனத் தமிழில் இதற்கு வழங்கும் சொற்கள் பல. அவை வெறும் ஒருபொருட் பன்மொழியுமல்ல. உரிக்கப்பட்டது என்னும் செயலை உட்கொண்டது உரி. விரித்துப் படுக்கவும் உடுக்கவும் ஆவது அதள். கீறிக் கயிறாக்கியது வார். இவற்றுட் பச்சை என்னும் சொல்லே மிக்க நயமுடையது. நிறத்தின் பெயராகவே இக்காலத்தார் அறிந்த அது, உலராமை என்னும் பொருளால் விலங்கின் தோலுக்குப் பெயராயிற்று. பொருநராற்றுப்படை யாழின் பத்தரைப் போர்த்த தோலைப் பச்சையென்கின்றது. புறநானூற்று 166ஆம் பாட்டில் ஆவூர் மூலங்கிழார், பூஞ்சாற்றூர்ப் பார்ப்பான் கௌணியன் விண்ணந்தாயன் வேள்விக்காலத்துப் பூணூலின்மேல் மானின் பச்சை விளங்க நின்றதைப் பாடுகின்றார். கௌணியர் குடி நம் ஆளுடைய பிள்ளையாரின் குடியுமாம். மடத்தில் யாம் பாடங்கேட்ட நாளில், இச்சொல்லுக்கு நிறமென்றே பொருள் கொண்டு இடர்ப்பட்ட மாணாக்கர் சிலர் உடனிருந்தனர். அவர்களுக்கு ஆசிரியர் விடையாகக் காட்டியது மடத்து முழவின் முகத்தையே.

அதே தொகையில் 288ஆம் பாட்டு இன்னும் நுட்பமான செய்தியொன்று தருகின்றது. இரண்டு ஏறுகளைப் பொரவிட்டு, வென்ற ஏற்றின் தோலை மயிர் சீவாமலே போர்த்து வீரமுரசு செய்தனர் என்பது அதன் கருத்து. மயிர்க்கண் முரசு என்று வழங்கியதும் இவ்வகையே. சீவாமைக்கு ஒரு முரசைச் சிறப்பித்தமையால், ஏனைய தோற்கருவிகளுக்கு மயிர்சீவி ஊன்வழித்துத் தோலைத் துப்புரவாக்கும் வழக்கம் அந்நாளிலேயே நன்கு பயின்றிருந்தது என்பது தானே போதரும். விலக்கைச் சொல்லுமிடத்து விதி உண்டென்பது பெறப்படுமன்றோ?

கொங்குநாட்டார் மறவாதற்குரிய செய்தி ஒன்று. திருச்செங்கோட்டிற்குக் கிழக்கே நாமக்கல்லுக்கு அப்பால் ஓங்கிநிற்கும் கொல்லிமலைக்குத் தலைவன் வல்வில் ஓரி. அவன் விடுத்த அம்பு ஒன்றே யானையை வீழ்த்தி, புலியின் வாயினுட் புகுந்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றின்கண் கிடந்த உடும்பிற் சென்று தைத்தது என்று வன்பரணர் புறநானூற்று 152ஆம் பாட்டிற் கூறினார். உயர்வுநவிற்சி என்று இதனைத் தள்ளுவாருமுளர். தள்ளுக. ஆயினும், அவ்வைந்து விலங்குகளும் இம்மலைநாட்டு வேட்டுவர் அறிந்து உரித்தவை என்பதில் ஐயமில்லை. முதல் மூன்றன் உரியும் சிவபெருமான் திருமேனிக்கு உரியன. உடும்பின் தோல் நெடுநாள் கழித்துக் கஞ்சிராவின் முகத்துக்கு வந்தது.

தோலுரித்தலை முதன்முறை மேற்கொள்வான் ஒருவனுக்கு நேரும் இடர்ப்பாட்டை நூலறிவு மட்டும் உடையார் உணரார். விலங்கு இறந்தபின் காலந்தாழ்க்கலாகாது. சூடு ஆறி உடல் விறைத்துவிடின் தோல் ஊனைவிட்டு எளிதிற் பிரியாது. வெயிற்காலமாயின் சில நாழிகையிலேயே அழுகல் தொடங்கி மயிர் உதிரும். மோவாய் தொடங்கி வயிற்றின் நடுவழியே வால் வரை ஒரு கீறலும், கால்களின் உட்புறமாக நான்கு கீறலும் இடுதல் மரபு. அதன்பின் கத்திக்கு வேலை சிறிது, கைக்கே பெரிது. முட்டியால் தோலுக்கும் ஊனுக்கும் இடையே அழுத்தித் தள்ளத் தள்ள அது தானே கழன்று வரும். புதியவனோ கத்தியையே நம்புவான். உட்புறத்தில் வெட்டுத் தழும்புகள் விழும். பதனிட்டபின் அத்தழும்புகள் ஓட்டையாய்த் தோன்றும். உரித்த தோலின் உட்புறத்தில் உப்பைத் தேய்த்து நீரை வாங்கவேண்டும். பின்னர் மயிர் வேண்டாவெனின் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்துச் சீவுவர். மான்தோல் புலித்தோல் போல மயிருடன் வேண்டுமெனின் சுண்ணாம்பு கூடாது. உப்பும் படிகாரமும் கலந்து ஏற்றுவர்.

இவ்வளவும் ஆயத்தமே. பதனிடுதல் என்னும் உண்மைத் தொழில் துவரால் நிகழ்வது. மரப்பட்டைகளிலுள்ள துவர்ச்சத்து, கொலாஜன் எனப்படும் தோலின் நார்ப்பொருளோடு பிணைந்து, அதனை நீரால் அழுகாததாகவும் உலர்ந்து முறியாததாகவும் ஆக்குகின்றது. தமிழ்நாட்டில் இதற்குத் தலைசிறந்தது ஆவிரம்பட்டை. சேலம், நாமக்கல் புறங்களில் மானாவாரி மேடுகளில் தானே வளர்ந்து பொன்னிறப் பூவால் விளங்கும் ஆவிரையை அறியாதார் யார்? அவ்வினத்தையே சேர்ந்த கொன்றையின் பட்டையும் இத்தொழிலுக்கு உதவுவது. பெருமான் திருமுடிக்கு மலர்தருங் கொன்றை, தோலுக்குப் பட்டை தருகின்றது. ஆவிரம்பட்டையிற் பதனிட்ட தோல் ஒளிபடச் சிவந்து நிறம்மாறும். அதனைத் தடுத்தற்கு இறுதியிற் கடுக்காய் நீரில் தோய்ப்பர். ஈரோட்டுப் பக்கத்துத் தொழிற்கூடம் ஒன்றில் இத்தொட்டிகளை யாம் கண்டிருக்கின்றேம். நாற்றம் பொறுத்தற்கரிது. ஆயினும் தோல் எடுத்துக் காட்டியவர், தம் விரலால் அதனைத் தடவியே எத்தனை நாள் ஊறியது என்று சொன்ன திறம் பெரும்புலவர் ஏட்டைத் தொட்டுப் பழமை கூறுதலினும் குறைந்ததன்று.

நிற்க. பெருமான் போர்த்த யானையுரி பதனிட்டதோ அன்றோ? இது விளையாட்டு வினாவன்று. திருமுறையாசிரியர்கள் அதனை ஈருரி என்றே பெரிதும் வழங்குவர். ஈரம் புலராத, உதிரம் ஒழுகும் பச்சைத்தோல் என்பது பொருள். யானையின் பச்சைத்தோல் பிறர் உடம்பிற் படின் கொல்லும் என்பது பழைய உரைவழக்கு. ஆதலின், ஏனையோர்க்கு நஞ்சாவதனைத் தனக்குப் போர்வையாகக் கொண்டான் என்பதே அவ்வடைமொழியின் கருத்து. நஞ்சுண்ட கண்டமும் ஈருரி போர்த்த மேனியும் ஒரே அருளின் இரண்டு அடையாளங்கள். நஞ்சு கண்டத்தில் நின்றவாறே உரி மேனியில் நின்றது.

இச்செயல் நிகழ்ந்த தலம் மயிலாடுதுறையை அடுத்த வழுவூர் வீரட்டம். தாருகவனத்து முனிவர் வேள்வியில் யானையெழுந்ததென்பது ஒரு வரலாறு. கயாசுரன் காசியில் அழிந்தான் என்பது மற்றொன்று. வழுவூரிலுள்ள செப்புத்திருமேனி அளவாலும் அழகாலும் பெயர்பெற்றது. காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் எட்டாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பிகளும், தாராசுரத்தில் பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சோழச் சிற்பிகளும் இதனைக் கல்லில் வடித்தனர். தாராசுரத்துச் சிற்பம் தஞ்சைக் கலைக்கூடத்தில் உள்ளது. அச்சிற்பங்களைக் கூர்ந்து நோக்குவார்க்கு ஒன்று புலனாம். யானையின் தலை பெருமான் திருவடிக்கீழ், வால் மேலே, நான்கு காலும் நான்கு பக்கம் விரிந்து, தோல் திருவாசிபோற் பின்னே பரந்து கிடக்கும். வயிற்றின் நடுவே கீறி, கால்களைப் பிளந்து விரித்த தோல் எவ்வுருவிற் கிடக்குமோ அவ்வுருவே அது. உரிக்கும் தொழிலை நேரிற் கண்டறியாத சிற்பி அங்ஙனம் அமைத்தல் அரிதென்பது எம் துணிபு. அச்சிற்பி யாரிடம் கண்டான்? ஊர்ப்புறச்சேரியிற் கண்டான் என்பதல்லது வேறு விடையில்லை.

யானையை ஆணவமலம் என்று கொள்வது சித்தாந்த மரபு. திருமூலர் முப்புரத்தை மும்மலமாகக் கண்டவாறு, ஏனை வீரட்டச் செயல்களுக்கும் உட்பொருள் காண்பர். இங்கு ஒரு நயமுளது. ஆணவம் அநாதி; அது முத்தியினும் இல்பொருளாய்விடாது; அதன் சத்தியே மடங்கும் என்பது நம் நூற்றுணிபு. இதற்குச் செம்பிற் களிம்பு முதலிய உவமைகள் வழங்கப்படுகின்றன. பெருமான் யானையை நீறாக்காமல் உரித்துப் போர்த்ததை நோக்குக. யானை உளது, ஆனால் வலியிழந்தது. அச்சுறுத்தியது இப்பொழுது சூழ்ந்து கிடக்கின்றது. பதனிட்ட தோலையும் இதனோடு ஒப்பவைத்து எண்ணலாம்: தோல் தோலாகவே நிற்க, அழுகுந்தன்மை மட்டும் அடங்குகின்றது. இவ்வொப்புமை நூல்களிற் கண்டதன்று, எம் கருத்தே; பொருந்தாதெனின் அன்பர்கள் ஒதுக்கிவிடுக.

ஒதுக்கலாகாத செய்தி இனிக் கூறுவது. பெரியபுராணத்தில் தோற்றொழிலோடு தொடர்புடைய அடியார் இருவர். ஒருவர் கண்ணப்பர். அவர் பிறந்த உடுப்பூரைப் பாடுங்கால், விளாமரக் கிளைகளில் தோல்வாராற் பின்னிய வலைகள் தொங்குதலைச் சேக்கிழார் மறவாது காட்டுகின்றார். திண்ணனார் கன்னிவேட்டையாடிய நாளே காளத்தியப்பரைக் கண்ட நாளாயிற்று. செருப்பணிந்த அவர் திருவடி பெருமான் திருக்கண்ணின்மேல் ஊன்றியதை அறியாத சைவர் இலர்.

மற்றவர் ஆதனூர்த் திருநாளைப்போவார். இவர் செய்த தொண்டு யாது? கோயில்தோறும் பேரிகை முதலிய கருவிகளுக்குப் போர்வைத்தோலும் விசிவாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் கொடுத்தார் என்று சேக்கிழார் ஒவ்வொன்றாக எண்ணிக் கூறுகின்றார். இவற்றுள் ஒன்றேனும் இன்றித் திருக்கோயிற் பூசை நிறைவுறாது. கொடுத்தவரோ கோயிற்கு வெளியே நின்றார். திருப்புன்கூரில் நந்தியை விலகச்செய்து பெருமான் காட்சி தந்தார். கோயிலுள் அழைத்தாரென்று சேக்கிழார் கூறிற்றிலர். தில்லையிலும் தீயினுட் புகுந்தே உள்ளே செல்லவேண்டியதாயிற்று. கோபாலகிருட்டிண பாரதியார் கீர்த்தனையில் வரும் கொடிய பண்ணையார் சேக்கிழார் வாக்கில் இல்லாதவர். அவரைச் சுட்டிப் பழியை அவர்மேல் ஏற்றிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளுதல் எளிது. சேக்கிழார் காட்டும் நந்தனாரைத் தடுத்தவன் ஒருவனல்லன். மதில் சூழ்ந்த ஊரின் வழக்கம் முழுதுமாம்.

அப்பர் பெருமான் இதற்கு ஏழாம் நூற்றாண்டிலேயே விடை கூறிவிட்டார். பசுவின் தோலை உரித்துத் தின்று திரியும் புலையராயினும், கங்கையைச் சடையிற் கரந்த பெருமானுக்கு அன்பராயின் அவரே நாம் வணங்கும் கடவுள் என்பது அவர் திருத்தாண்டகத்திற் கூறிய கருத்து. உரித்தல் என்னும் தொழிலையே பெயர்சொல்லி எடுத்துக்கொண்டார் என்பதைக் கவனிக்க. யானையை உரித்தவனைப் பாடிய நாவே ஆவுரித்தவரையும் பாடிற்று. இதனை ஆயிரத்துமுந்நூறு ஆண்டுகளாக நாம் பண்ணோடு ஓதினோம். ஓதிக்கொண்டே வாயிலையும் அடைத்திருந்தோம். ஓதுவாருக்குப் பக்கத்தில் முழங்கிய மத்தளத்தின் தோலைப் பதனிட்டவன் கோபுரத்துக்கு அப்பால் நின்றான். இதற்குச் சமாதானம் கூறப் புகுவார் அத்தாண்டகத்தை முன்வைத்துக் கூறுக.

ஆங்கில ஆட்சியில் இத்தொழில் வேறு உருவெடுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆவிரம்பட்டையிற் பதனிட்ட தோல்கள் சென்னைத் துறைமுகத்தினின்று இலண்டன் சந்தைக்கு மிகுதியாகச் சென்றன. வாணியம்பாடி, ஆம்பூர், திண்டுக்கல், திருச்சிராப்பள்ளி, ஈரோடு முதலிய ஊர்களில் தொழிற்கூடங்கள் பெருகின. முதல் உலகப்போரிற் படைவீரர் பாதரட்சைக்குச் சென்னைத் தோல் வேண்டப்பட்டது. ஆவிரம்பட்டை போதாமையால் தென்னாப்பிரிக்காவினின்று வாட்டில் என்னும் வேலமரப் பட்டை இறக்குமதியாயிற்று. குரோமிய உப்பினாற் பதனிடும் முறையை ஆல்பிரட் சாட்டர்டன் என்பார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சென்னையில் நடத்திக்காட்டினார். 1948ஆம் ஆண்டில் அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. சேரியிற் கைவழி வந்த அறிவு கல்லூரிப் பாடமாயிற்று, பணம் தருவதாயிற்று, அதனைச் செய்தார் பழைய சேரியாரே அல்லர். இழிதொழில் என்ற பெயர் வாணிகத்தின்மேல் ஒட்டாமல் உழைத்தவன்மேல் மட்டும் ஒட்டியிருந்தது வியப்பே.

திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925ஆம் ஆண்டில் இராசகோபாலாச்சாரியார் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். கதர், மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு என்பன அதன் பணிகள்; அவர் நடத்திய விமோசனம் என்னும் இதழுக்குத் துணைநின்றவர் கல்கி. 1934ஆம் ஆண்டிறுதியில் வார்தாவில் காந்தியடிகள் தொடங்கிய கிராமக் கைத்தொழிற் சங்கம் தோல் பதனிடுதலையும் தன் பணிகளுள் ஒன்றாக ஏற்றது. கொல்லாமல், தானே இறந்த மாட்டின் தோலையே பயன்படுத்துக என்பது அடிகளின் கொள்கை. நந்தனார் தந்த போர்வைத்தோலும் ஊரில் இறந்துபட்ட மாட்டினதாகவே இருந்திருத்தல் கூடும். 1939ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 8ஆம் நாள் மதுரையில் வைத்தியநாத ஐயர் அரிசன அன்பர்களை மீனாட்சியம்மை திருக்கோயிலுள் அழைத்துச் சென்றார். 1947ஆம் ஆண்டுச் சென்னைக் கோயில் நுழைவுச் சட்டம் மாகாணத்துத் திருக்கோயில்களை இந்துக்கள் அனைவர்க்கும் திறந்துவிட்டது. திருத்தாண்டகம் செய்யவேண்டியதைச் சட்டம் செய்தது.

காட்டு விலங்கின் தோலோ இப்பொழுது வேறு வழியால் விலக்காயிற்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் புலி, யானை, வெளிமான், உடும்பு முதலியவற்றைக் கொல்லுதலையும் அவற்றின் தோலை விற்றல் வாங்கலையும் தடுத்தது. திருமுருகாற்றுப்படை திருவாவினன்குடியில் மானுரி போர்த்த முனிவரைக் காட்டுகின்றது. இனி அங்ஙனம் போர்ப்பார் சட்டத்துக்கு விடைசொல்லவேண்டும். உபநயனத்திற் கிருட்டிணாசினம் வேண்டுமிடத்துச் சிறுதுண்டு தோலைப் பழையதாக வைத்திருப்பாரிடம் பெற்றோ, அதுவுமின்றித் தருப்பையாலோ நிறைவு செய்கின்றனர். கஞ்சிராக்காரர் ஆட்டுத்தோலைப் போர்த்துகின்றனர். உடும்பின் ஓசை அதில் வாராதென்று முதியோர் குறைகூறுவர். மத்தளத்துக்கும் தவிலுக்கும் மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் இன்றும் வேண்டும். அவற்றை விரலால் தடவிப் பார்த்துத் தெரிந்தெடுத்து, வலந்தலைக்கு மெல்லியதும் இடந்தலைக்குத் தடித்ததும் வகுத்து, விசிவாரால் இறுக்குவார் கைகளுக்குத் திருநாளைப்போவார் காலத்திற்குப் பின் பெரிய மாறுதல் ஒன்றும் நேர்ந்ததாகத் தெரியவில்லை.